செட்டிநாட்டுச் சின்னக் குன்றுகளில் ஒரு நாள்: எத்தனை ஏறலாம், எப்போது ஏறலாம்?

முதலில் நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும். ஜனவரி முதல் வாரம் உறவினர் வீட்டு விசேஷத்துக்குக் காரைக்குடி வருகிறீர்கள். விசேஷம் முடிந்து ஒரு நாள் கையில் இருக்கிறது. 66 வயது அப்பா, 11 வயது மகள், நீங்கள் இருவர், ஒரு கார். கொடைக்கானல் பக்கம் ஓட விருப்பமில்லை. அதிகம் பேர் போகாத சின்னக் குன்றுகளாக நாலைந்து சொன்னால் சாவகாசமாக ஏறி இறங்கலாம் என்கிறீர்கள். கடைசி வரியில், மேலேயே கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நாலைந்து என்பதும் சாவகாசம் என்பதும் எங்கள் பக்கத்தில் ஒரே நாளில் சேராது. உங்கள் கேள்வியில் கனமான சொல் 'சாவகாசம்' என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால் என் பதில்: காலையில் ஒரு குன்று, சாயங்காலம் ஒரு குன்று, நடுவில் மனசிருந்தால் ஏற்றமே இல்லாத ஒரு பாறை. அதற்கு மேல் வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிவகங்கை மாவட்டத்தின் வடமேற்குக் கிராமங்களில் கல் தேடியும் எல்லை பிடித்தும் அலைந்த காலம் அதிகம். அதனால் மலை ஏறுவதைவிட மலைக்குப் போகிற வழி யாருடைய நிலத்தில் கிடக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கோயில் வரலாறு, கல்வெட்டு இதெல்லாம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவை.

செட்டிநாட்டை மலை நாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய கணக்கில் வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, கிழக்கே கடல், மேற்கே பிரான்மலை என்று எல்லை சொல்வார்கள். மலை என்று பெயர் வருவதே மேற்கு ஓரத்தில்தான். காரைக்குடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரம். ஊரைச் சுற்றிச் செம்புரான் கல் பூமி, முந்திரித் தோப்பு, தைல மரம், கண்மாய். மேற்கே திருப்பத்தூர் தாண்டிப் போகப் போகத்தான் தரையிலிருந்து பாறைகள் தலைதூக்கும். சுற்றியிருந்த மண்ணும் மெலிந்த பாறையும் கரைந்து போக, கெட்டியானது மட்டும் நின்றுவிட்ட மிச்சம் அவை. அதனால்தான் தொடராக இல்லாமல் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி தனித்தனியாக நிற்கின்றன. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு மேலேயே நடந்து போகிற நடை இங்கே கிடையாது. ஒவ்வொன்றிலும் ஏறி, இறங்கி, கண்மாய்க் கரை வழியாகவோ தார்ச் சாலை வழியாகவோ அடுத்ததற்குப் போக வேண்டும்.

உயரத்தைப் பற்றிக் கவலையே படாதீர்கள். பெரும்பாலான குன்றுகள் தரையிலிருந்து ஐம்பது, நூறு மீட்டர் கணக்குதான். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. எங்கள் குன்றுகளில் பல அந்தப் படத்தில் மூன்று நாலு வளையத்தோடு முடிந்துவிடும், சில ஒரே வளையம். மலை நடப்பவர்களுக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன ஒரு கணக்கு உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள். அந்தக் கணக்குப்படி நூறு மீட்டர் குன்று உங்களிடமிருந்து எடுப்பது பத்தே நிமிடம். அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியூர்க்காரர்கள் ஒரு நாளைக்கு ஐந்து குன்று என்று திட்டம் போடுகிறார்கள். குளிர் தேசத்தில் போட்ட கணக்கு அது. வெயில் குடித்த மொட்டைப் பாறைக்கு அதில் இடமில்லை. ஜனவரியில் நிழலில் நிற்கும்போது சுகமாகத்தான் இருக்கும். பத்தரை மணிக்குப் பாறை மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், அப்புறம் நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் அதே பாறை காலை எட்டரைக்கே விரட்டிவிடும்.

ஆக, உங்களிடம் இருப்பது இரண்டு துண்டு நேரம். ஜனவரி தொடக்கத்தில் சூரியன் ஆறரையை ஒட்டி உதிக்கும், மாலை ஆறு தாண்டியதும் மறையும். விடிந்ததிலிருந்து பத்து வரை ஒரு துண்டு. நாலிலிருந்து ஆறு வரை இன்னொன்று. நடுவில் இருக்கிற ஆறு மணி நேரத்தை மலைக்குக் கொடுக்காதீர்கள். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் கொடுங்கள். கோயில்களும் நண்பகலில் நடை சாத்தி நாலு மணிக்கு மேல்தான் திறக்கும், அதுவும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

காலைக் குன்றுக்குத் திருக்கோளக்குடியைச் சொல்வேன். திருப்பத்தூர் தாலுகாவில் பொன்னமராவதிப் பக்கம் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போதும். பிள்ளையார்பட்டிக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. வீடு அளவுக்குப் பெரிய பாறை உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்க, அவற்றின் இடுக்கில் அடிவாரம், நடு, மேல் என்று மூன்று அடுக்காகச் சிவன் சன்னதிகள். முற்காலப் பாண்டியர் காலத்துக் குடைவரையும், அதாவது பாறையைக் குடைந்து செய்த கோயிலும், இருக்கிறது. மேல் சன்னதிவரை படி உண்டு. அப்பா ஒவ்வொரு அடுக்கிலும் உட்கார்ந்து உட்கார்ந்து வரலாம், அவசரமே இல்லை. அதற்கும் மேலே பாறையில் ஏற ஆசைப்பட்டால் கோயிலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். கோயில் எல்லைக்குள் செருப்பு கூடாது. காலை ஏழு மணிக்கு அது ஒரு கஷ்டமே இல்லை. பத்தரை மணிக்குக் கஷ்டம். இறங்கியதும் வண்டிக்குத் திரும்பிவிடாமல் குன்றின் அடியை ஒட்டிக் கால்நடையாக ஒரு சுற்று போய் வாருங்கள். எங்கள் குன்றுகளை அடியிலிருந்து பார்ப்பதுதான் அழகு. ஒரு பக்கம் யானை முதுகு மாதிரி மழமழவென்று இருப்பது, இன்னொரு பக்கம் பிளந்து கொட்டிக் கிடக்கும்.

பாறையில் கால் வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், மகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். சரிந்த பாறையில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் ஓடும். மழைத் தண்ணீர் வழிகிற தடம் அது, பாசி காய்ந்து கறுத்தது. வெயில் நாளில் ஒன்றும் செய்யாது. ராத்திரிப் பனி விழுந்த ஜனவரிக் காலையில் அதில் கால் வைத்தால் வழுக்கும். பட்டைக்கு இரண்டு பக்கமும் சாம்பலும் வெளிர்பச்சையுமாகச் சொரசொரவென்று திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்கும் பாருங்கள், அதன்மேல் ரப்பர் அடி நன்றாகப் பிடிக்கும். அடுத்து, வெங்காயத் தோல் உரிகிற மாதிரி இந்தப் பாறைகள் மேலடுக்கு கழன்றுகொண்டே இருக்கும். ஒரு விரற்கடையிலிருந்து ஒரு முழம் கனம் வரை தகடு தகடாகப் பெயர்ந்து நிற்கும். பார்வைக்குக் கெட்டியாகத் தெரியும். கையில் இருக்கிற தடியால் ஒரு தட்டு தட்டுங்கள். 'டங்' என்று வந்தால் பாறை. 'டொப்' என்று பொள்ளலாக வந்தால் தகடு, அதன் விளிம்பில் பாரம் போடக் கூடாது. இது புத்தகத்தில் படித்ததல்ல, நிலம் அளக்கும்போது அளவைச் சங்கிலி பிடித்து உடன் வந்த ஊர்க்காரர்கள் காட்டிக்கொடுத்தது. ஒருநாள் பழகினால் பதினொரு வயதுப் பிள்ளை உங்களைவிட வேகமாகக் காது கொடுத்துச் சொல்லிவிடும்.

வழி தெரியாத குன்றாக இருந்தால் தடத்தைப் பார்த்துப் போவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆட்டுத் தடத்தை நம்பாதீர்கள். ஆடு எங்கே வேண்டுமானாலும் போகும், காரைமுள், சூரைமுள் புதருக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடும். மாட்டுத் தடம் அகலமாக, சரிவைச் சுற்றி வளைந்து போகும், கட்டாயம் தண்ணீரில்தான் போய் முடியும். பெரும்பாலும் அது ஒரு சுனையாகவோ கண்மாய் மடையாகவோ இருக்கும். மேய்ப்பவர் யாராவது கண்ணில் பட்டால் அதைவிட நல்லது. "ஆத்தா, மேல போக இந்தப் பக்கம் வழி இருக்கா?" என்று நின்று கேட்டால் வழியும் சொல்வார்கள், எங்கே தேன் கட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். காரிலிருந்து இறங்காமல் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு கேட்டால் கை காட்டுவதோடு சரி.

நிலம் யாருடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிராமக் கணக்கில் குன்று என்பது பெரும்பாலும் ஒரே சர்வே எண்ணாக, 'மலை', 'பாறை', 'கல்லாங்குத்து' என்று ஏதோ ஒரு பெயரில் புறம்போக்காகப் பதிவாகியிருக்கும். அதில் நடப்பதற்கு யாரும் தடை சொல்வதில்லை. சிக்கல் குன்றில் இல்லை. சாலைக்கும் குன்றுக்கும் நடுவில் இருக்கிற பட்டா நிலத்தில்தான் சிக்கல். வண்டிப்பாதை என்று புலப்படத்தில் (ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் காட்டும் அரசு வரைபடம்) கோடு இருக்கும், தரையில் வேலி இருக்கும். தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில், எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்கிற அ-பதிவேடும் புலப்படமும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் வேலிக்காரரிடம் போய்ப் படத்தைக் காட்டிச் சட்டம் பேசினால் உங்கள் நாள் அங்கேயே முடிந்துவிடும். கேட்டுவிட்டுப் போவதுதான் வழி. கண்மாய்க் கரைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவை பொது, மாடும் மனிதரும் நடந்து நடந்து இறுகிய பாதை, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்த வருஷம் என்றால் ஜனவரியில் பாதிக் கண்மாய்களாவது நிறைந்திருக்கும். குன்று ஏறியதைவிடக் கரையில் நடந்ததுதான் அப்பாவுக்குப் பிடித்துப்போனால் ஆச்சரியப்பட மாட்டேன்.

சில குன்றுகளுக்குப் போகவே கூடாது. குவாரிக் குத்தகைக்குப் போனவை அவை. மேலூர்ப் பக்கமும் புதுக்கோட்டைப் பக்கமும் பாதி அறுத்த குன்றுகள் நிறைய. பழைய குவாரிக் குழியில் தண்ணீர் பச்சையாக அழகாக நிற்கும். சுவர் செங்குத்து, இறங்கினால் ஏற வழியிருக்காது. ஆழம் வெளியே தெரியாது. நடப்பில் இருக்கிற குவாரியென்றால் வெடி வைப்பார்கள். செயற்கைக்கோள் படத்தில் குன்றின் ஓரம் கத்தியால் வெட்டினாற்போல் நேர்கோடாகத் தெரிந்தால் அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

திருக்கோளக்குடியிலிருந்து இறங்கும்போது ஒன்பது மணி ஆகியிருந்தால் பூலாங்குறிச்சிக்கு ஒரு நடை போகலாம். அங்கே ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை, தாழ்ந்த ஒரு பாறைக் குன்று. அதன் முகத்தில் பழைய கல்வெட்டு. சேந்தன் கூற்றன் என்ற அரசன் பெயர் வருகிறது. பச்செறிச்சில் மலை மேல் தேவகுலம், அதாவது கோயில், செய்வித்த செய்தி வருகிறது. காலம் 5ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. கல்வெட்டில் ஆண்டு 192 என்று இருந்தாலும் அது எந்தத் தொடர் ஆண்டு என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த முடிவில்லை. எழுத்து வட்டெழுத்தாக உருவாகிக்கொண்டிருந்த கட்டம், நமக்கு வாசிக்க வராது. ஆனால் காலைச் சாய்வெயில் பாறையில் படும்போது பள்ளங்களில் நிழல் விழுந்து வரி வரியாகத் துலங்கும். உச்சி வெயிலில் போனால் வெறும் பாறைதான் தெரியும். தயவுசெய்து சுண்ணாம்போ மாவோ தடவிப் படம் எடுக்காதீர்கள், கல் கெட்டுப்போகும்.

அதே வட்டாரத்தில் மகிபாலன்பட்டியையும் சிலர் சொல்வார்கள். அங்கே ஒரு சிறு குன்று உண்டு. கணியன் பூங்குன்றனாரின் ஊர் இதுதான் என்று எங்கள் பக்கத்தில் உறுதியாகச் சொல்வார்கள், பூங்குன்றம் என்ற பழைய பெயர் அந்த ஊருக்கு இருந்ததால் அறிஞர்கள் பலரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஒரு புலவரின் ஊரை ஈராயிரம் வருஷம் கழித்துப் பெயரை வைத்துப் பிடிப்பதில் ஒரு ஐயம் எப்போதும் மிஞ்சும். தமிழறிஞர் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் 1881இல் பிறந்தது இங்கேதான் என்பதில் ஐயமில்லை. நேரம் இருந்தால் பாருங்கள், இதற்காகக் காலைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மத்தியானம் திருப்பத்தூரிலோ காரைக்குடியிலோ சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள். கையில் கட்டுச்சோறு கொண்டுபோவதென்றால் புளியோதரைதான் வெயில் தாங்கும். தயிர்சோற்றை எட்டு மணிக்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். கோயில் குன்றுகளில் குரங்கு உண்டு, பிளாஸ்டிக் பை சரசரத்தாலே வந்து நிற்கும். தூக்குவாளிதான் பத்திரம்.

சாயங்காலத்துக்குக் குன்றக்குடி. அதிகம் தெரியாத இடமா என்று நீங்கள் கேட்பீர்கள். சண்முகநாதர் கோயில் ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான், திருப்பத்தூர் சாலையிலேயே இருக்கிறது, காரைக்குடியிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் சொல்கிறேன். படி ஏறி, கும்பிட்டு, இறங்கி, வண்டி ஏறுகிறவர்கள்தான் எல்லோரும். மலையடியில் மேற்குப் பக்கம் இருக்கிற குடைவரைகளைப் பார்ப்பவர்கள் குறைவு. நாலு மணிக்குக் குடைவரைகளைப் பார்த்துவிட்டு அப்புறம் படி ஏறுங்கள். மேலே பிராகாரத்தில் நின்றால் சுற்றுவட்டாரம் முழுக்கத் தட்டையாக விரியும். பிள்ளையார்பட்டிக் குன்று பக்கத்திலேயே தெரியும், தெளிந்த நாளில் மேற்கே நீலமாகப் பிரான்மலை. காலையில் ஏறிய பக்கம் எது என்று மகளைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். தை பிறந்து பூசம் நெருங்குகிற நாட்களில் வந்தால் வேறு காட்சி. நகரத்தார் காவடிகள் கூடிப் பழனிக்கு நடை கிளம்புவது இந்தக் குன்றக்குடியிலிருந்துதான். சாலை ஓரமெல்லாம் பாத யாத்திரைக் கூட்டமாக இருக்கும். ஜனவரி முதல் வாரத்தில் அவ்வளவு நெருக்கம் இருக்காது.

பிரான்மலையை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை என்று யாராவது கீழே கேட்பார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டில் மலை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல இருப்பது அது ஒன்றுதான். சிங்கம்புணரிக்குப் பக்கம், உயரம் கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் அடிக்கு மேல். சம்பந்தர் கொடுங்குன்றம் என்று பாடிய தலம். பாரியின் பறம்பு மலை இதுதான் என்பது பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. உழாமலே விளைகிறது என்று கபிலர் அந்த மலையைப் பற்றி நாலு பொருள் சொல்வார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். இன்றைக்கு அதில் நீங்கள் சந்திக்கப்போவது தேன் மட்டும்தான், அதுவும் தொலைவிலிருந்து பார்ப்பது நல்லது. அடிவாரத்துக் கோயில், அதற்கு மேல் வைரவர் சன்னதி, மேலே குடைவரையில் மங்கைபாகர் என்று மூன்று நிலைகளையும் அப்பா தாராளமாகப் பார்க்கலாம். உச்சிக்குப் போவது வேறு வேலை. மேலே ஒரு தர்காவும் இருக்கிறது. ஊர்க்காரர்கள் ஏறிப் போகிறார்கள்தான். ஆனால் கரடுமுரடான ஏற்றம், மொத்தக் காலையும் அதற்கே போய்விடும், இறக்கத்தில் முட்டிக்கு வேலை அதிகம். சாவகாசமான நாளில் அதைச் சேர்த்தால் அந்த நாள் முழுக்கப் பிரான்மலைக்குத்தான். வனத்துறைக் காடும் இருப்பதால் தடத்தை விட்டு விலகக் கூடாது. நீங்களும் மனைவியும் மட்டும் இன்னொரு முறை வந்து பாருங்கள்.

மலைத்தேனீ விஷயம் விளையாட்டல்ல. பாறை நெற்றியின் கீழ் முறம் அளவுக்குக் கறுப்பாகத் தொங்குவது அதன் கூடு. அதன் கீழே நின்று கத்துவது, புகைப்பது, கல் எறிவது கூடாது. பகட்டான சென்ட் அன்றைக்கு வேண்டாம். கிளம்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓடி வண்டிக்குள் போய்விட வேண்டும். பாம்பில் நான் பயப்படுவது சுருட்டை விரியனுக்கு. சின்னதாக, மண் நிறத்தில், கல்லுக்கு அடியில் கிடக்கும். கல்லைப் புரட்டாதீர்கள், பார்க்காத இடுக்கில் கை வைக்காதீர்கள், அவ்வளவுதான். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வேர் கொடுப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் நேரே திருப்பத்தூர் அல்லது காரைக்குடி அரசு மருத்துவமனை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான் கொடுக்கிறார்கள், அதனால் எந்தப் பாம்பு என்று தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.

அப்பாவைப் பற்றி நான் சொல்லக்கூடியது குறைவு. நெஞ்சு, ரத்த அழுத்தம் இதற்கெல்லாம் அவருடைய மருத்துவர் சொல்வதுதான் முடிவு. வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்தது ஒன்று: வயதானவர்கள் ஏறும்போது மூச்சு வாங்கி நின்றுவிடுவார்கள், அதில் ஆபத்து குறைவு. இறங்கும்போது "நான் போயிடுவேன்" என்று வேகமாக இறங்குவார்கள், விழுவது அங்கேதான். கையில் ஒரு தடி, படியில் நேராக இறங்காமல் கொஞ்சம் பக்கவாட்டாகக் கால் வைப்பது, உங்களில் ஒருவர் அவருக்கு ஒரு படி கீழே நடப்பது, இவ்வளவும் போதும். தண்ணீர் காலை நடைக்கு மட்டும் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். சுனைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், தெளிவாக இருந்தாலும் ஆடு மாடு இறங்குகிற இடம். செருப்பைவிடத் தேய்ந்து போகாத ரப்பர் அடி உள்ள சாதாரண ஷூ நல்லது. கோயில் எல்லையில் கழற்ற வேண்டியிருப்பதால் கனமான காலுறை ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துவாருங்கள்.

ஜனவரியில் மழை அரிது, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. நனைந்த பாறையில் யாரும் ஏற வேண்டாம், காய ஒரு முழு வெயில் வேண்டும். அப்படி ஆகிவிட்டால் திருப்பத்தூர்–மதுரை சாலையை ஒட்டி வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. நத்தைக்குத்தி நாரைகளுக்கு அது சரியான பருவம். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி ஊரும் அங்கேதான். கண்மாய்க் கரையில் நடந்தபடியே பார்க்கலாம், ஏற்றம் இல்லை.

கூடாரக் கேள்விக்கு: வேண்டாம். கோயில் குன்றில் ராத்திரி தங்க அனுமதிக்க மாட்டார்கள். வனத்துறை நிலத்தில் அனுமதி இல்லாமல் தங்குவது குற்றம். வெறும் புறம்போக்குக் குன்றில் சட்டம் குறுக்கே நிற்காவிட்டாலும் ஊர் நிற்கும். பழைய கல், பழைய சிலை இருக்கிற குன்றுகளில் ராத்திரி வெளிச்சம் தெரிந்தால் புதையல் தோண்ட வந்தவர்கள் என்றுதான் முதலில் நினைப்பார்கள், ஆள் திரண்டு வந்துவிடுவார்கள். விளக்கம் சொல்லிப் புரியவைப்பதற்குள் மகள் பயந்துவிடுவாள். உறவினர் வீட்டிலேயே படுத்து, ஐந்தேகாலுக்குக் காரை எடுத்தால் விடியும்போது திருக்கோளக்குடி அடிவாரத்தில் இருப்பீர்கள்.